ஓசையற்ற அழுகை



நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் மூச்சுப்பாதை, அதன் மிகக் குறுகிய இடத்தில், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலமே உடையது. குறைமாதக் குழந்தைக்கு அதனினும் குறைவு. குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே உள்ள அந்த இடத்தை மோதிர வடிவிலான குருத்தெலும்பு ஒன்று சூழ்ந்து நிற்கிறது. மூச்சுக்குழாயின் மற்ற வளையங்கள் யாவும் பின்புறம் திறந்த லாடம் போன்றவை. இது ஒன்றுதான் முழு வட்டம். ஆகவே உட்புறச் சவ்வு வீங்கினால் வெளியே விரிவதற்கு இடமில்லை. வழியை அடைத்துக்கொண்டு உள்ளேதான் வளரும். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீக்கம் கண்டால் எஞ்சுவது 2 மில்லிமீட்டர். அகலத்தில் பாதிதானே போயிற்று என்று தோன்றும். பரப்பில் முக்கால் பங்கு போய்விடுகிறது. காற்றுக்கு ஏற்படும் தடையோ 16 மடங்காகிறது. இந்தக் கணக்கை ஒரு மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தச் சீட்டு இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

எங்கள் மகள் 28ஆவது வாரத்தில் பிறந்தாள். எடை 1 கிலோ 50 கிராம். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாளை அவளே இதைப் படிப்பாள், அப்போது சொல்லிக்கொள்வதும் மறைத்துக்கொள்வதும் அவள் விருப்பமாக இருக்கட்டும். இன்குபேட்டரின் பக்கவாட்டுத் துளை வழியாகத்தான் அவள் காதில் பாங்கு சொல்லப்பட்டது. கைகளை முழங்கை வரை கழுவி, முகக்கவசம் அணிந்து, எங்களில் ஒருவர் கிசுகிசுப்பாகச் சொன்னார். ஏழாம் நாள் அகீகா தள்ளிப்போயிற்று. 41 நாள்கள் அவள் வென்டிலேட்டரின் குழாய் வழியே மூச்சு விட்டாள். அந்தக் குழாய் இல்லையென்றால் அவள் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் அவள் மூச்சுப்பாதையைச் சுருக்கியதும் அதே குழாய்தான். மென்மையான சவ்வின் மீது குழாய் நாள்கணக்கில் அழுத்தும்போது அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது, சவ்வு புண்ணாகிறது, புண் ஆறும்போது வடு சுருங்கி இறுகுகிறது. 1965ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மெக்டொனால்டு, ஸ்டாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள், குழந்தைகளின் மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தி நெடுநாள் வைத்திருக்கும் முறையை எழுதி வெளியிட்டனர். அதற்குப் பிறகு எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் பிழைத்தன. பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொண்டையில் இந்த வடு வந்தது. முன்பெல்லாம் இந்த நோய் அரிதாக இருந்ததற்கு, அதைப் பெறும் வயது வரை அக்குழந்தைகள் வாழவில்லை என்பதும் ஒரு காரணம். உறவினர் சிலர் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் மீது வழக்குத் தொடுக்கச் சொன்னபோது எங்களுக்கு அதில் மனம் செல்லாததும் இதனால்தான்.

வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் ஓசை தொடங்கியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் மரம் அறுக்கும் வாளின் ஓசை. கழுத்துக்குக் கீழுள்ள குழி உள்வாங்கும். விலா எலும்புகளின் இடைவெளிகள் பள்ளம் விழும். சளி என்றார்கள். ஆஸ்துமா என்றார்கள். குறைமாதப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார்கள். இரண்டு முறை உள்நோயாளியாகச் சேர்த்து, ஆவி மருந்து பிடித்து, ஓசை குறைந்ததும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை பணியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர், குழந்தை எத்தனை நாள் குழாயில் இருந்தாள் என்று கேட்டார். அதுவரை எவரும் அதைக் கேட்கவில்லை. அன்றிரவே ஆம்புலன்ஸில் சென்னைக்குப் புறப்பட்டோம்.

மயக்க மருந்து கொடுத்து உள்நோக்கியால் பார்த்ததில், குரல் நாண்களுக்குக் கீழே ஊசித்துளை போன்ற ஒரு வழி மட்டுமே இருந்தது. இந்தச் சுருக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மருத்துவர்கள் மையரும் காட்டனும் 1994இல் தம் குழுவினருடன் வகுத்தது. பாதி வரை அடைப்பு என்றால் முதல் நிலை; 51 முதல் 70 விழுக்காடு இரண்டாம் நிலை; 71 முதல் 99 வரை மூன்றாம் நிலை; வழியே இல்லாதது நான்காம் நிலை. எங்கள் மகளுக்கு மூன்றாம் நிலை. ஐந்து மாதக் குழந்தையின் கழுத்தில், அடைப்புக்குக் கீழே துளையிட்டு ஒரு குழாய் பொருத்தினார்கள். டிரக்கியாஸ்டமி என்று பெயர். அன்றிரவு அவள் பிறந்தது முதல் கண்டிராத அமைதியோடு உறங்கினாள். மார்பு பள்ளம் விழவில்லை. வாளின் ஓசை இல்லை.

வேறெந்த ஓசையும் இல்லை என்பதை மறுநாள் காலையில்தான் உணர்ந்தோம். அவள் அழுதுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, வாய் திறந்து, கண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. காற்று குரல் நாண்களை எட்டாமலேயே கழுத்துக் குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது. நாண்கள் அசையக் காற்று வேண்டும்.

அடுத்த இரண்டரை ஆண்டுகளும் எங்கள் வீடு அவளைக் கண்ணால் கேட்டது. அடுப்படியில் நின்றால் பிள்ளை அழுகிறதா என்று காது கொடுப்பது தாய்மாரின் வழக்கம். எங்களுக்கு அது பயன்படவில்லை. ஒருவர் தொழும்போது மற்றவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்போம்; ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழுததே இல்லை. இரவில் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிவிட்டு, முறை வைத்து விழித்திருந்தோம். குழாயில் சளி சேர்ந்தால் உறிஞ்சு கருவியால் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து முறை. மின்வெட்டு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆகவே மின்கலத்தில் ஓடும் கருவி ஒன்றும், காலால் மிதிக்கும் கருவி ஒன்றும் வைத்திருந்தோம். தலையணைக்கு அருகில் எப்போதும் இரண்டு மாற்றுக் குழாய்கள்: ஒன்று அதே அளவு, மற்றது ஓர் அளவு சிறியது. கழுத்து நாடா, ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை குழாயை மாற்றும்போது ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் மாற்றுவார். அந்தச் சில விநாடிகளில் எங்கள் இருவரின் உதடுகளும் பிஸ்மில்லாஹ்வில் நின்றுவிடும். குளிப்பாட்டும்போது தண்ணீர் மார்புக்கு மேலே ஏறக்கூடாது. மணலில் விளையாடக்கூடாது. கடற்கரைக்கு அழைத்துச் செல்லக்கூடாது.

நன்னிதான் எங்களில் எவரையும் விட விரைவாகக் கற்றுக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, குர்ஆனை ஓதத் தெரியும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். உறிஞ்சு குழாயை எவ்வளவு ஆழம் விடவேண்டும் என்பதற்கு நாங்கள் அளவுகோல் வைத்துக் குறித்திருந்தோம். அவர் தம் சுண்டுவிரலை வைத்தே சரியாக நிறுத்துவார். "கண்ணே, இந்தா வந்துட்டேன்" என்று பேத்தியிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். அவள் பதில் சொல்லமாட்டாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

உறவினர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டோம். ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. கழுத்தை அறுத்துத் துளை போட்டது அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பது ஆகாதா என்று, வருத்தத்தோடுதான், ஒருவர் கேட்டார். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அதைச் சொன்னோம். மருத்துவம் செய்துகொள்வது நபிவழி, தவக்குலுக்கு அது எதிரானதன்று என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு இரவில் விழித்திருக்க ஆள் போதுமா என்று கேட்டார். அந்த வாரம் முதல் அவருடைய துணைவியார் வியாழன் இரவுகளில் வந்து தங்கினார்.

நம் முன்னோரின் பெருமையை எடுத்ததற்கெல்லாம் பேசும் வழக்கத்தில் எங்களுக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஆனாலும் இங்கே ஒன்றைச் சொல்லலாம். 1013இல் மறைந்த அந்தலூசிய அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஓர் அடிமைப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அவள் கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள்; மூச்சுக்குழாயின் ஒரு பகுதி வெட்டுப்பட்டிருந்தது. அவர் காயத்தைத் தைத்தார். அவள் பிழைத்தாள், குரலில் மட்டும் கரகரப்பு எஞ்சியது. குரல்வளையில் இடும் வெட்டு ஆபத்தானதன்று என்ற முடிவுக்கு அவர் வந்தது அதிலிருந்துதான். 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு ஸுஹ்ர் ஓர் ஆட்டின் மூச்சுக்குழாயை அறுத்து, காயம் ஆறும்வரை கவனித்து, அது ஆறும் என்று கண்டு எழுதினார். இந்த இரண்டையும் அந்த உறவினரிடம் சொன்னோம். அவர் ஆட்டைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

துளையிடுவது பழைய கலை. சுருங்கிய இடத்தையே அகலப்படுத்துவதுதான் புதிது. குழந்தையின் குரல்வளைக் குருத்தெலும்பை வெட்டினால் அதன் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் நீண்ட காலம் மருத்துவர்களைத் தடுத்து வைத்திருந்தது. கனடாவின் டொராண்டோவில் ஃபியரன் என்பவரும், அவரிடம் பயின்ற இங்கிலாந்துக்காரர் ராபின் காட்டனும், அந்த அச்சத்தை விலங்குகளில் ஆராய்ந்து 1972இல் எழுதினார்கள். 1974இல் லண்டனில் எவான்ஸ், டாட் ஆகியோர் குரல்வளையை வெட்டி விரிக்கும் தங்கள் முறையை வெளியிட்டனர். காட்டன் சின்சினாட்டிக்குச் சென்று, விலா எலும்பின் முனையில் உள்ள குருத்தெலும்பை எடுத்து, வெட்டிய இடத்தில் ஆப்புப்போல வைத்துப் பாதையை அகலப்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் மோனியே வேறு வழியை நாடினார்: சுருங்கிய பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, நல்ல மூச்சுக்குழாயை மேலே இழுத்துத் தைப்பது. அதன் விளைவுகளைக் குழந்தைகளில் கண்டு 1993இல் வெளியிட்டார். அடைப்பு கடுமையாகவும், குரல் நாண்களிலிருந்து சற்று விலகியும் இருந்தால் அந்த முறை பொருந்தும். எங்கள் மகளின் வடு நாண்களுக்கு மிக அருகில் தொடங்கியதால், எங்கள் மருத்துவர் விலாக் குருத்தெலும்பையே தேர்ந்தார்.

தேர்ந்தாரே தவிர உடனே செய்யவில்லை. எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது இந்தக் காத்திருப்புதான். பிள்ளை பத்துக் கிலோ எடையாவது எட்ட வேண்டும். நுரையீரல் ஆக்சிஜன் துணையின்றி இயங்க வேண்டும். இரைப்பையின் அமிலம் மேலேறி வந்து தொண்டையைப் புண்ணாக்கவில்லை என்று உறுதியாக வேண்டும். சிவந்து வீங்கிய குரல்வளையில் ஒட்டு வைத்தால் ஒட்டாது என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்நோக்கியால் பார்ப்பார், இன்னும் சிவப்பாக இருக்கிறது என்பார், நாங்கள் ஊர் திரும்புவோம். பேச உதவும் வால்வு ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு பேசும் பிள்ளைகளின் காணொளிகளை உறவினர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த வால்வு மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. வெளிமூச்சு மேல்வழியாகப் போக வேண்டும். மேல்வழி அடைபட்ட பிள்ளைக்கு அதைப் போட்டால் மூச்சு திணறும். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்போம் என்று கணக்கில்லை.

மூன்று வயதை நெருங்கியபோது மருத்துவர் ஆயத்தம் என்றார். அப்போது தயங்கியது நாங்கள்தான்.

அந்தத் தயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறோம். இதே இடத்தில் நிற்கும் பெற்றோர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். குழாயோடு அவள் நன்றாக இருந்தாள். ஓடினாள், சோறு உண்டாள், கையால் நூறு செய்தி சொன்னாள். ஒட்டு ஒட்டாமல் போகலாம், மீண்டும் சுருங்கலாம், இரண்டாம் முறை, மூன்றாம் முறை அறுவை தேவைப்படலாம், குரல் எப்படி வரும் என்று எவரும் உறுதி சொல்லமாட்டார்கள். நலமாக இருக்கும் பிள்ளையை நாமே கொண்டுபோய் மேசையில் கிடத்துவதா? மறுபுறம், அந்த நலம் ஒரு சளிக்கட்டியின் அளவு தொலைவில்தான் நின்றது. குழாய் அடைபட்டாலும் கழன்று விழுந்தாலும், மேல்வழி இல்லாத பிள்ளைக்குச் சில நிமிடங்களே அவகாசம். இரண்டு முறை அப்படி நேர்ந்து, நன்னியின் கைகளால் பிழைத்தாள். வயது கூடக்கூடப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று வரும்; அங்கே நன்னி இருக்கமாட்டார். ஒரு மழலையர் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தும் இருந்தது. அவர்கள் சொன்ன காரணத்தை முழுதும் குறை சொல்வதற்கில்லை. பத்து நாள்கள் இஸ்திகாரா தொழுதோம். கனவு ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் எங்களுக்கு இருந்தது இவ்வளவுதான்: தயக்கம் குறையவில்லை, ஆனால் தேதி குறிக்கச் சொல்லித் தொலைபேசியை எடுக்கும் அளவுக்குக் கை வந்தது.

செலவைப் பற்றி ஒரு சொல். நகைகள் போதவில்லை. ஊர் பைத்துல்மால் பொறுப்பாளர் தாமாக வந்து கேட்டார். ஆண்டுதோறும் அங்கே ஸகாத் கொடுத்துப் பழகிய கைக்கு வாங்குவது கடினமாயிருந்தது. வாங்கினோம்.

அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. வலப்புற விலாவின் கீழ் சிறு கீறலிட்டு, குருத்தெலும்பில் ஒரு துண்டு எடுத்தார்கள். எடுத்த இடத்தில் உப்புநீரை ஊற்றி, நுரையீரலை ஊதச் செய்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களாம். வந்தால் நுரையீரல் உறையில் துளை விழுந்திருக்கிறது என்று பொருள். வரவில்லை. துண்டைப் படகு வடிவில் செதுக்கினார்கள். படகின் விளிம்பு அகலமாக இருப்பதால் அது பாதைக்குள் விழாமல் வெட்டின் மீது அமர்ந்துகொள்ளும். அதன் வழவழப்பான உறை உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மூச்சுப்பாதையின் சவ்வு மெல்ல அதன் மேல் படர்ந்து வளரும். கழுத்துத் துளையையும் அப்போதே மூடிவிட்டார்கள். பிறகு, ஒட்டுக்குத் தாங்கலாக, மூக்கு வழியே ஒரு குழாயைச் செலுத்தினார்கள்.

மீண்டும் அதே குழாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளைப் பார்த்தபோது, எங்களுக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஏழு நாள்கள் அது அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே ஏழு நாள்கள் அவளை உறக்கத்திலேயே வைத்திருந்தார்கள். கழுத்தில் எதுவும் இல்லை. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவள் கழுத்தை நாடா இல்லாமல் பார்த்தோம்; நாடா இருந்த இடம் மட்டும் வெளுத்து, வளையம் போலத் தெரிந்தது. நான்காம் நாள் காய்ச்சல் வந்து இறங்கியது. ஐந்தாம் நாள் இரவு, பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு சிறுவன் இறந்துபோனான்; அவனுடைய அம்மா வேற்று சமயத்தவர், மாலையில்தான் எங்களிடம் திருநீறு வைக்கட்டுமா என்று கேட்டு, பிறகு தயங்கி, வெறுங்கையால் எங்கள் மகளின் நெற்றியைத் தடவிவிட்டுப் போயிருந்தார். அவனுக்காக நாங்கள் இன்றும் அழுவதுண்டு.

எட்டாம் நாள் அறுவை அரங்கில் வைத்து உள்நோக்கியால் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மருந்தும், ஆவியாக அட்ரினலினும் கொடுத்தார்கள். உறக்க மருந்துகளை நிறுத்தியதால் கைகள் நடுங்கின; எங்களை அடையாளம் காணாதவள் போல விழித்தாள்; அப்படித்தான் சில நாள்கள் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாலையில் செவிலியர் நரம்பூசியைச் சரிசெய்தபோது வலித்திருக்க வேண்டும். அழுதாள்.

அது அழகான ஓசையன்று. கதவின் துருப்பிடித்த கீல் போன்ற ஓசை. அந்த ஓசையைக் கேட்டு அவளே திடுக்கிட்டு நிறுத்தினாள், அங்குமிங்கும் பார்த்தாள், பிறகு மீண்டும் ஒரு முறை, இப்போது வலிக்காமலே, அழுது பார்த்தாள். எங்களில் ஒருவர் அங்கேயே தரையில் ஸஜ்தாவில் விழுந்தார். மற்றவர் நன்னிக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் பேசாமல் கருவியைப் பிள்ளையின் வாயருகே பிடித்தார். மறுமுனையில் நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நன்னி, "யாரு இது?" என்றார்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒட்டின் மேல்புறம் கொஞ்சம் தசை வளர்ந்து, ஒரு முறை பலூன் வைத்து விரிக்க வேண்டியிருந்தது. ஓடினால் மற்ற பிள்ளைகளை விட முன்னதாக இளைக்கிறது. குரல் கரகரப்பானது, கரகரப்பாகவே இருக்கும். மக்தபில் ஓதும்போது ‘ஹா’வும் ‘ஐனும்’ அவளுக்கு எளிதில் வருகின்றன. உயர்ந்த குரலில் நீட்டி ஓத வேண்டிய இடங்களில் காற்று தீர்ந்துவிடுகிறது. உஸ்தாத் அவளுக்காக வேறு இடங்களில் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறார். கழுத்து வடுவை எண்ணி அவளுடைய நிக்காஹ்வைப் பற்றிக் கவலைப்படும் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் கவலைப்பட நேரம் இருக்கிறது.

மின்கலத்தில் ஓடும் உறிஞ்சு கருவியை இப்போது வேறு ஊரில் ஒரு குடும்பம் வைத்திருக்கிறது. அவர்களுடைய பிள்ளைக்குப் பதினோரு மாதம். எடை ஏழு கிலோ. மருத்துவர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் சில வேளைகளில் நள்ளிரவில் அழைப்பார். எங்களால் பதில் சொல்ல முடியாத எதையும் கேட்கமாட்டார். நாடா நனைந்துவிட்டது, இப்போதே மாற்றலாமா, விடியும்வரை பொறுக்கலாமா என்பது போன்றவைதான். இப்போதே மாற்றுங்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும் என்போம். அவர் மாற்றி முடிக்கும்வரை தொலைபேசியை வைக்கமாட்டோம்.